மூலையில் இரண்டு பூஜ்யங்கள்

ராமாபுரம்
23-6-1997

சுரேந்தர் அவர்களுக்கு,

சரசு எழுதுவது. மேலே மச்சான் என்று எழுத ஆரம்பித்து அடித்திருக்கிறேன். வேறு தாள் இல்லாததால் அதிலேயே தொடர்கிறேன். கண்டுகொள்ள வேண்டாம்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கன்னடம் என்றால் அம்மா எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள். இந்த எழுத்து இந்த வீட்டில் எனக்கும் சந்திரன் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான்.

காரியத்தன்று நீங்கள் வாசலில் நின்றதும், அம்மா கதவைச் சாத்தியதும் எனக்குத் தெரியும். உள்ளேதான் இருந்தேன். திறக்கலாம் என்று தோன்றவில்லை. உங்கள் அப்பா ஓட்டிய லாரியில்தான் என் அண்ணன் செத்தான். அவர் எனக்குத் தாய்மாமன், அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமா குடித்திருந்தார் என்கிறார்கள். தூங்கிவிட்டார் என்கிறார்கள். பிரேக் போய்விட்டது என்றும் சிலர். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டதற்கு மாமா சொன்னது ஒன்றுதானாம்: "எந் தப்புங்க. எழுதிக்கங்க." கோர்ட்டிலும் இதையே சொன்னால் நேராக ஜெயில்தான் என்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் என்ன தப்பு? அதை ஏன் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார்?

சித்திரையில் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் ஒன்று சொன்னீர்கள். உங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டருக்குள் ஒரு லாரி ஓட்டுகிறோம், நிஜ லாரி எப்படிச் சாயுமோ அப்படியே அதுவும் சாயும் என்றீர்கள். மாமா வண்டியில் கிளீனராக இருந்த அண்ணன் கூட, அப்போ அதுக்கும் ஒரு கிளீனர் வேணுமே என்று கிண்டல் செய்தான்.

அந்த லாரியைப் பாலாற்று வளைவில் ஓட்டிப் பாருங்கள். மாமா வண்டி அங்கே ஏன் கவிழ்ந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். மாமா மேல்தான் தப்பு என்றால் ஒரேயடியாக வெறுத்துவிட்டு அம்மா பார்க்கிற மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிடுவேன். இல்லையென்றால் அதுவும் தெரிய வேண்டும். இப்படி நடுவில் நின்றுகொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

பதிலை நான் பாடம் எடுக்கும் ஹனூர் டுட்டோரியல் விலாசத்துக்கு எழுதுங்கள்.

சரசு


மைசூர்
27-6-1997

சரசு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடித்திருந்த அந்த வார்த்தையையும் படித்தேன். நீ சொன்னபடி கண்டுகொள்ளவில்லை.

அப்பா குடிக்கிறவர் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். தினமும் ஆபீஸ் முடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். என்னப்பா நடந்தது என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள முயல்கிறார். இடுப்பால் திரும்பவும் முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலியில் கிடப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

ஓட்டிப் பார்க்கிறேன். ஓட்டிப் பார்க்காமல் எனக்கும் வேறு வழி இல்லை.

கம்ப்யூட்டரில் லாரி என்பது எண்கள்தான். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக ஒன்பது எண்கள். லாரி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சின்ன மேட்ரிக்ஸுக்குள் அடங்கிவிடும். திருப்பத்தில் அதை இன்னொரு மேட்ரிக்ஸால் பெருக்கினால் லாரி கொஞ்சம் திரும்பும். நொடிக்கு முப்பது தடவை பெருக்க வேண்டும். அதனால் ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே விரித்து எழுதிவைத்திருக்கிறேன். அப்போதுதான் எங்கள் பழைய மெஷின் திணறாமல் ஓடும்.

இது போக இன்னொரு மேட்ரிக்ஸ் இருக்கிறது. அதுவும் மூன்றுக்கு மூன்றுதான். பாரம் எங்கெங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அது சொல்லும். லாரி சுலபத்தில் சாயுமா, சாயாதா என்பது அதில்தான் இருக்கிறது. எனக்கு அதற்கு விவரம் வேண்டும். என்ன லோடு, எத்தனை மூட்டை, எவ்வளவு உயரம், வளைவு எந்தப் பக்கம். அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை. நீ விசாரித்து எழுத முடியுமா? உன்னைப் போய் இதைக் கேட்கிறேனே என்று எனக்கே கூசுகிறது.

சுரேந்தர்


ராமாபுரம்
6-7-1997

சுரேந்தர் அவர்களுக்கு,

எனக்குக் கூசவில்லை. டுட்டோரியலில் பரீட்சை வேலை என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மாதேஸ்வரன் மலை வழியாகப் பாலாறு போகிற பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கோயிலுக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பாலாறு செக்போஸ்டில் எல்லா வண்டியையும் நிறுத்தித்தான் விடுகிறார்கள். அங்கிருந்து நம் ஊர்ப் பக்கம் ரோடு உடனே ஏற ஆரம்பிக்கிறது. செக்போஸ்டிலிருந்து பார்த்தாலே அந்த வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. வலது பக்கம் திரும்புகிற வளைவு. லாரி இடது பக்கம் பள்ளத்தில் சாய்ந்திருக்கிறது. புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது, உரம் கொட்டியதால். அங்கே நின்று என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன்.

லோடு உர மூட்டை. லாரி ஓனரிடம் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கேட்டேன். பாதியைக் குளத்தூரில் இறக்கிவிட்டார்கள். மீதி நூற்றிருபது மூட்டை, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. விழுந்த இடத்தில் எல்லா மூட்டையும் இடது பக்கமாகத்தான் கிடந்ததாம். லாரியே இடது பக்கம் விழுந்திருக்கும்போது மூட்டை வேறெங்கே போகும்?

அண்ணன் கேபினில் இல்லை, பின்னால் லோடோடு இருந்தான். மூட்டை மேல் படுத்துத் தூங்கியிருப்பான் என்கிறார்கள்.

வேறொன்றும் இல்லை. ஆமாம், நம் கல்யாணப் பீரோவும் அந்த வண்டியில்தான் வந்தது. குளத்தூர்ப் பட்டறையில் அண்ணன் சொல்லிச் செய்யவைத்தது. அது மூட்டைகளின் மேல் போய் விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை. போலீஸ் விட்டதும் யாரோ கொண்டுவந்து இறக்கினார்கள். நடுவீட்டில் புத்தம் புதிதாக நிற்கிறது. அம்மா அதைத் திறக்கவும் விடுவதில்லை, தூக்கிப் போடவும் விடுவதில்லை.

இனிமேல் எனக்குக் குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொல்லாதீர்கள். பி.யு.சி. பிள்ளைகளுக்கு மேட்ரிக்ஸ் நடத்துகிறவள் நான். அந்த ஒன்பது எண்களையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

சரசு


மைசூர்
12-7-1997

சரசு,

எண்களை அனுப்புகிறேன். முதலில் என் அவஸ்தையைக் கேள்.

வளைவைப் போட்டு லாரியை ஓட்டினேன். ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி உருகி, ஒரு பக்கம் பெருத்து இன்னொரு பக்கம் சூம்பிப் போய்விட்டது. ஒவ்வொரு பெருக்கலிலும் கடுகளவு பிசகு சேருகிறது. அந்த மூன்று வரிசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால்தான் லாரி லாரியாக இருக்கும். பிசகு சேரச் சேர கோணம் கெட்டுவிடுகிறது. ஒவ்வொரு தடவை பெருக்கிய பிறகும் மூன்றையும் நிமிர்த்தி வைக்க வேண்டும். இது தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டேன். எங்கள் முதலாளி விஜய்குமார் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கத்தினார். நாங்கள் செய்கிற கம்ப்யூட்டர் ஆட்டத்தை வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்ப நாள் நெருங்குகிறதாம். "யாருக்கய்யா வேணும் உன் மூட்டைக் கணக்கு? லாரி விழுந்தா பாக்க அழகா விழணும், அஷ்டே, அவ்வளவுதான்." எழுந்து வெளியே போய்விட்டேன். இல்லாவிட்டால் அடித்திருப்பேன்.

சரி செய்துவிட்டேன். இப்போது நன்றாக ஓடுகிறது. பாரத்தின் மேட்ரிக்ஸ் இது. வரிசை முறை: முதலில் இடம் வலம், அடுத்து முன் பின், கடைசியில் உயரம். எண்கள் ஆயிரத்தில்.

13   0   0
0   3   0
0   0   15

மூட்டைகளை லாரி நிறைய ஒரே மட்டமாகப் பரப்பியதாக வைத்துக்கொண்டேன். அப்படிப் பரப்பினால் குறுக்காகப் போகிற மூன்றைத் தவிர மீதி ஆறும் பூஜ்யம். ஆட்டத்துக்கு எப்போதும் இப்படித்தான் போடுவோம், வேலை மிச்சம்.

இந்த எண்களோடு அந்த வளைவில் லாரி கவிழவே இல்லை, சரசு. நாற்பதில் போனாலும் கவிழவில்லை. அந்த ஏற்றத்தில் லோடு வண்டி நாற்பது போகாது என்பது உனக்கே தெரியும். அப்பா வேகமாக ஓட்டவில்லை. எனக்கு ஆபீஸிலேயே அழுகை வந்துவிட்டது.

அப்படியென்றால் பாரம்தான் மட்டமாக இல்லை. அந்த ஆறு பூஜ்யங்களில் ஏதோ ஒன்று பூஜ்யம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மூட்டைகளை எப்படி அடுக்கினீர்கள் என்று மட்டும் கேட்கப் போகிறேன். அதற்காவது பதில் சொல்வார். கேட்டுவிட்டு, நிஜமான எண்களைப் போட்டு ஓட்டி, உனக்கு எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணம் குறித்த ஆவணி இன்னும் தாண்டவில்லை. இதை எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

சுரேந்தர்


ராமாபுரம்
4-8-1997

சுரேந்தர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றீர்கள். எத்தனை ஞாயிறு போய்விட்டது? தபால்காரரைப் பார்த்தாலே பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். பிள்ளைகள், டீச்சருக்கு என்ன ஆச்சு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், மைசூரில் உங்கள் அறையில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கோர்ட்டில் செப்டம்பரில் கேஸ் வருகிறதாம். அதற்குள் கொள்ளேகாலில் பட்டுக்கடை வைத்திருக்கிற ஒருவரை அம்மா எனக்குப் பேசி முடிக்கப் பார்க்கிறாள்.

மாமா என்ன சொன்னார்? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

சரசு


மைசூர்
9-8-1997

சரசுவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கணக்கை மறுபடி சரிபார்த்தேன். முன்பு நான் எழுதியது தவறு. பாரம் மட்டமாகத்தான் இருந்தது. வேகம்தான் காரணம். அறுபதில் ஓட்டினால் லாரி கவிழ்கிறது. அப்பா அறுபதில் வந்திருக்கிறார்.

13   0   0
0   3   0
0   0   15

இதுதான் கடைசி. இதில் மாற்றம் இல்லை.

தப்பு அப்பாவுடையது. கோர்ட்டில் ஒப்புக்கொள்வார். நீ கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி இதை விட்டுவிடு. வெறுக்க வேண்டுமென்றால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே வெறுத்துவிடு. உன் அம்மா சொல்கிற இடத்துக்குச் சம்மதம் சொல்.

இனி எழுதாதே.

சுரேந்தர்


ராமாபுரம்
17-8-1997

மச்சானுக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

இன்று ஆவணி பிறந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நிஜமாகவே மாமாவை வெறுத்தேன். நிம்மதியாகக் கூட இருந்தது. அம்மாவிடம் போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, பி.யு.சி. பிள்ளைகளுக்கு மேட்ரிக்ஸ் நடத்தப் போர்டில் ஒன்பது எண்கள் எழுதினேன். கை தானாக உங்கள் எண்களை எழுதியது. எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அறுபதா? செக்போஸ்டில் நின்று கிளம்பிய லோடு வண்டி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உள்ள வளைவுக்குள், அந்த ஏற்றத்தில், அறுபது போயிற்றா? நாற்பதே போகாது என்று போன மாதம் எழுதியவர் நீங்கள்தான். உங்களுக்குப் பொய் சொல்ல வராது மச்சான். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது என்பதைக் கூட மறந்துவிட்டீர்கள்.

ஆறு பூஜ்யத்தில் ஏதோ ஒன்று பூஜ்யம் இல்லை என்றும் நீங்களே எழுதினீர்கள். அதை எனக்குத் தராமல் மறுபடி அதே ஆறையும் எழுதி அனுப்பினால் நான் பேசாமல் இருப்பேனா? மறுபடி பாலாறு போனேன். இந்தத் தடவை வளைவுக்குப் போகவில்லை. செக்போஸ்டில் நின்று, அன்றைக்கு டூட்டியில் இருந்த காவலரைத் தேடிப் பிடித்தேன். நான் யாரென்று சொல்லாமல் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஞாபகம் இல்லாம என்னம்மா. அந்தக் கிளீனர் பையன் மூட்டையெல்லாம் ஒரே பக்கமா அடுக்கி வெச்சிருந்தான். வண்டி சாயுதேப்பான்னு கேட்டேன். இந்தப் பக்கம் தங்கச்சி பீரோங்க, ஒரு கீறல் உழுந்தாலும் கல்யாணமே வேண்டாம்னுடுவாள்னு சிரிச்சான். பீரோவக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அங்கயே உக்காந்துக்கிட்டான்."

அதை நான்தான் சொன்னேன். அவன் சோறு தின்றுகொண்டிருந்தபோது, விளையாட்டுக்கு. உர மூட்டை மேலே போட்டுக் கொண்டுவராதே, பெயிண்ட் போய்விடும், ஒரு கீறல் இருந்தாலும் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றேன். அவன் அதற்காக ஆறாயிரம் கிலோவை இடது பக்கம் ஒதுக்கி இரண்டாள் உயரத்துக்கு அடுக்கிவிட்டு, வலது பக்கம் கம்பளி விரித்துப் பீரோவைப் படுக்கவைத்திருக்கிறான். தூங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கணக்குப் போட்டுவிட்டேன். மூட்டை முன்னாலிருந்து பின்னால் வரை சீராகத்தான் இருந்தது, அதனால் ஆறில் நாலு பூஜ்யம் நியாயமான பூஜ்யம். மூலையில் இருக்கிற இரண்டும்தான் பொய். மேலே வலது மூலை, கீழே இடது மூலை. இடமும் உயரமும் சேருகிற இடம். அங்கே ஒன்றரைக்கும் கொஞ்சம் மேலே வருகிறது. குறுக்கே இருக்கிற மூன்றும் கூட மாறுகின்றன, போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிப் பாருங்கள், அந்த வளைவில் லாரி மெதுவாகப் போனாலே கவிழும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள், இல்லையா? அதனால்தான் அத்தனை நாள் எழுதவில்லை.

நேற்று நடுவீட்டில் அந்தப் பீரோ முன்னால் உட்கார்ந்து அரிவாள் முனையால் அதில் நீளமாக ஒரு கீறல் போட்டேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். பட்டுக்கடைக்காரரைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம் இல்லை என்பதை மட்டும் சொன்னேன்.

கோர்ட்டில் சொல்லப் போகிறேன்.

சரசு


மைசூர்
21-8-1997

சரசு,

வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன், கோர்ட்டுக்கு வராதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மூட்டையை எப்படி அடுக்கினீர்கள் என்று கேட்டேன். முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அவர் சொன்னதையும் எழுதுகிறேன், இனி மறைத்து என்ன. "அவன் மூட்டைய ஒதுக்கி வெச்சத நான் பாத்தண்டா. பாத்துட்டுத்தான் ஸ்டேரிங்கப் புடிச்சேன். அப்பறம் அது ஆரு தப்புங்கற? அந்தப் புள்ள காதுக்கு மட்டும் இது போவக் கூடாது. போச்சுன்னா அது பொழைக்காது."

இரண்டு பேரும் அதன்படியே முடிவு செய்தோம். அவர் ஜெயிலுக்குப் போவது, நான் உனக்குப் பொய் எழுதுவது. அவர் தன் பங்கை ஒழுங்காகச் செய்கிறார். எனக்குத்தான் வரவில்லை. மேட்ரிக்ஸில் அந்த மூலைகளில் சரியான எண்ணைப் போட்டு ஓட்டினேன். முதல் தடவையே கவிழ்ந்தது. அழித்துவிட்டு மறுபடி பூஜ்யம் போட்டேன். திரையில் லாரி ஒன்றும் ஆகாமல் வளைவைத் தாண்டிப் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பத் திரும்ப. பைத்தியம் பிடித்தவன் மாதிரி.

நீ ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொன்னாய். தங்கச்சிகள் எல்லோரும் சொல்வதுதான். லாரி லோடு எப்படி ஏற்றணும் என்று சந்திரனுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பாலாறு வரை அப்படியே ஓட்டி வந்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஊருக்கும் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நீ கோர்ட்டில் சொன்னால் ஊர் உன்னை என்ன சொல்லும்? சந்திரனை என்ன சொல்லும்? அத்தை உன்னை வீட்டில் வைத்திருப்பார்களா? அப்பாவுக்கு எப்படியும் வண்டி ஓட்டுகிற காலம் முடிந்துவிட்டது. நீ இருக்க வேண்டும் சரசு. நீ பேசாமல் இருந்தால் போதும்.

சுரேந்தர்


கொள்ளேகால்
12-9-1997

மச்சானுக்கு,

நான் கூண்டில் ஏறி நின்றபோது நீங்கள் பின்னால் சுவரோரம் நின்றதைப் பார்த்தேன். பேச வரவில்லை நீங்கள். வந்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன், வராததே நல்லது.

எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எப்படியம்மா தெரியும் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். கணக்குப் போட்டேன் என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செக்போஸ்ட் காவலர் வந்து சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அப்படி லோடு ஏற்றிய வண்டியை ஓட்டியது தப்புதான், ஆனால் இனிப் பெரிய தண்டனை இருக்காது என்று உங்கள் வக்கீல் சொன்னார். மாமா ஒரு தடவை கூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டேனாம். அதில் பொய் என்ன இருக்கிறது? என் பழியில் பாதியை அவன் தலையில்தான் இறக்கியிருக்கிறேன். இங்கே கூட வேலை பார்க்கிற மல்லம்மா டீச்சர் வீட்டில் தங்கியிருக்கிறேன். தினம் ஹனூருக்குப் போய் வருகிறேன். போர்டில் மேட்ரிக்ஸ் எழுத வேண்டிய பாடத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மை தெரிந்தால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. உங்களையும் மாமாவையும் போல யாராவது எனக்காக அதை மூடி வைத்திருந்தால் கூட இப்படி இருக்காதோ என்று சில சமயம் தோன்றுகிறது. பிறகு உங்கள் இரண்டு பேரையும் நினைத்துக் கோபம் வருகிறது. கோபத்தோடு கோபமாகப் பாசமும் வருகிறது, அதுதான் தாங்கவில்லை.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்தப் பீரோவைத் திறக்க முடிகிற அன்றைக்கு நானே எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். லாரியை இன்னொரு தடவை ஓட்டுங்கள். பீரோவை இறக்கிவிடுங்கள். மூட்டைகளை மட்டமாகப் பரப்புங்கள். மூலையில் இருக்கிற இரண்டும் இந்த முறை நியாயமான பூஜ்யமாக இருக்கட்டும். வளைவைத் தாண்டி, மலை ஏறி, ராமாபுரம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

சரசு


மைசூர்
24-9-1997

சரசு,

ஓட்டினேன்.

என்னிடம் அந்த ஒரு வளைவு மட்டும்தான் இருந்தது. அதற்கு அப்புறம் ரோடே கிடையாது, லாரி வெறும் வெளியில் போய் நின்றுவிடும். வேலை நேரம் போக மீதி நேரத்தில் பாலாற்றிலிருந்து ராமாபுரம் வரை ரோடு போட்டேன். மலையடிவாரம், நால்ரோடு, நம் பஸ் ஸ்டாப் புளியமரம். விஜய்குமார் சார் பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இல்லை. அப்பா தானும் வருவதாகச் சொன்னார். கோர்ட்டிலிருந்து வந்த நாளாக அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அன்று நீ பஸ் ஏறும்வரை உன்னோடு யாராவது கூட இருந்தார்களா என்று மட்டும் கேட்டார். கைத்தடியோடு மாடிப்படி ஏற்றிக் கூட்டிவந்து திரை முன்னால் உட்காரவைத்தேன்.

நீ சொன்னபடி பீரோ இல்லை. மூட்டைகள் மட்டமாக. மூலையில் இரண்டு பூஜ்யம். செக்போஸ்டில் நிறுத்திக் கிளப்பினேன். வளைவு வந்தபோது அப்பாவின் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. லாரி கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்து, தாண்டிவிட்டது. ஏற்றமெல்லாம் ஏறி, புளியமரத்தடியில் வந்து நின்றது.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"ஊரு வந்திருச்சுன்னு அவன எழுப்பு. இறங்கச் சொல்லு."

நான் அந்த லாரியில் ஆட்களை வரையவே இல்லை, சரசு.

சுரேந்தர்